25 செங்கல்லில் ராக்கெட் அடுப்பு: வரி வரியாகக் கட்டும் முறை

மூன்று கல்லைக் கூட்டிப் பாத்திரம் வைத்து எரித்தால், விறகில் இருக்கும் சூட்டில் பொதுவாக 10 முதல் 15 சதவீதம்தான் பாத்திரத்துக்குள் போகும். மீதி காற்றில் போகும், கல்லில் போகும், எரியாத புகையாகக் கண்ணில் போகும். ராக்கெட் அடுப்பு இதை இரண்டு வழியில் மாற்றுகிறது. புகையை அடுப்புக்குள்ளேயே எரித்து முடிக்கிறது. எரிந்த சூட்டைப் பாத்திரத்தின் அடியையும் விலாவையும் உரசிக்கொண்டு போக வைக்கிறது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் இருக்கும் அப்ரோவெச்சோ ஆய்வு மையத்தில் லாரி வினியார்ஸ்கி வகுத்த வடிவம் இது. காப்புரிமைத் தொல்லை இல்லாமல் உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

இங்கே சொல்வது சிமென்ட்டும் வெல்டிங்கும் இல்லாத செங்கல் அடுப்பு. கொல்லையிலும் தோட்டத்திலும் வைக்கலாம். மொட்டை மாடியில் என்றால், கல்லும் மண்ணும் சேர்ந்து 90 கிலோவுக்கு மேல் வரும் என்பதால் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவர் தாங்கும் இடமாகப் பார்த்து வையுங்கள். அடியில் இரண்டு அங்குலம் மணல் பரப்பிக்கொண்டால் மாடியில் பதித்த ஓடு வெடிக்காது. இதற்குப் புகைபோக்கி கிடையாது. புகை கண்ணுக்குத் தெரியாத நேரத்திலும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வந்துகொண்டுதான் இருக்கும். அதனால் மூடிய சமையலறைக்குள் வைக்கவே கூடாது.

வாங்க வேண்டியவை

சூளையில் நன்றாக வெந்த செம்மண் செங்கல் 30. கட்டுவதற்கு 25 போதும், மீதி உடைசலுக்கு. இரண்டு கல்லை மோதிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்ல கல். மொத்தென்று கேட்டால் உள்ளே வேகவில்லை, பத்துத் தடவை தீ மூட்டுவதற்குள் செதில் செதிலாகப் பெயரும். ஃப்ளை ஆஷ் கல், சிமென்ட் பிளாக் இரண்டும் வேண்டாம். சிமென்ட்டுக்குள் கட்டுண்டிருக்கும் நீர் 400, 500 டிகிரி சூட்டில் பிரிந்துபோய், கல் பொடிந்து உதிரும். சிமென்ட் கலவை வைத்துக் கட்டினாலும் இதே கதிதான். ஆற்றுக்கல்லை உள்ளே வைக்கவே வேண்டாம், குடித்திருக்கும் ஈரம் ஆவியாகி வெடிக்கும்.

ஃபயர் பிரிக் தேடி அலைகிறவர்கள் உண்டு. அது சூட்டைத் தாங்கும், சந்தேகமில்லை. ஆனால் கனத்த ஃபயர் பிரிக் சாதாரணச் செங்கல்லைப் போலவே சூட்டைக் குடிக்கவும் செய்யும். இந்த அடுப்புக்கு அது வீண் செலவு.

ஓர் அங்குல அகலம், 5 மி.மீ கனமுள்ள இரும்புப் பட்டை 12 அங்குல நீளத்தில் இரண்டு வேண்டும். விறகு தாங்க 2 மி.மீ இரும்புத் தகடு, 12க்கு 8 அங்குலம், ஒன்று. பாத்திரம் உட்கார ஓர் அங்குலச் சதுரக் கம்பியில் மூன்று அங்குலத் துண்டு மூன்று. தகடு வெறும் கறுப்புத் தகடாக இருக்கட்டும். ஜிஐ தகட்டின் துத்தநாகப் பூச்சு 420 டிகிரியில் உருகும், அதற்கு மேல் சூடேறினால் வரும் புகை உடம்புக்கு ஆகாது.

மண்ணுக்குப் புற்றுமண் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. இல்லாவிட்டால் பிசுபிசுப்புள்ள செம்மண் அல்லது களிமண் ஒரு பங்கு, சலித்த மணல் இரண்டு பங்கு. முந்தின இரவே தண்ணீர் விட்டு ஊறப்போட்டு, காலையில் மிதித்துப் பிசையுங்கள். எலுமிச்சை அளவு உருண்டை பிடித்து நிழலில் காய வையுங்கள். விரிசல் விட்டால் மணல் போதவில்லை. விரலால் நசுக்கியதும் உதிர்ந்தால் களி போதவில்லை. ஊருக்கு ஊர் மண் மாறும் என்பதால் அளவுக் கணக்கைவிட இந்த உருண்டையையே நம்பலாம்.

கட்டுவது

கல்லின் அளவு 9 × 4½ × 3 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். நாலு கல்லைப் படுக்கையாக, ஒன்றின் தலை அடுத்ததன் விலாவில் முட்டும்படி காற்றாடி போலச் சுற்றி வைத்தால் நடுவில் 4½ அங்குலச் சதுரக் குழி தானாக விழும். வெளிச்சுற்று 13½ அங்குலம். கல்லின் நீளத்திலிருந்து அகலத்தைக் கழித்தால் வருவதுதான் குழி. உங்கள் ஊர்க் கல் கால் அங்குலம் முன்பின்னாக இருந்தால் குழியும் அப்படியே மாறும், கவலையில்லை. கல்லை வைப்பதற்கு முன் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டு எடுங்கள். உலர்ந்த கல் மண்ணின் ஈரத்தை ஒரே இழுப்பில் உறிஞ்சிவிடும், அப்புறம் அந்தக் கலவை கல்லைப் பிடிக்காது.

முதல் வரி தரை. நாலு கல்லைச் சுற்றி வைத்து நடுக்குழியில் ஓர் அரைக்கல்லைப் போட்டு மூடுங்கள். விறகு செருகும் வாய் வரப்போகும் பக்கத்தில் வெளியே இன்னொரு முழுக்கல்லைத் தரையில் நீளவாக்கில் வையுங்கள், விறகின் தகடு வெளியே நீள்வதற்கு அதுதான் மேடை. ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டிய வரி இது ஒன்றுதான். இங்கே சாய்ந்தால் மேலே சோறு ஒரு பக்கமாக வேகும்.

இரண்டாவது, மூன்றாவது வரிகள் வாய். சுற்றில் மூன்று முழுக்கல், முன்பக்கத்துக் கல்லுக்குப் பதில் ஓர் அரைக்கல். அப்போது முன்னால் 4½ அங்குல அகலத்துக்கு வழி திறந்து நேரே குழிக்குள் போகும். இரண்டாவது வரியை வலச்சுற்றாக வைத்திருந்தால் மூன்றாவதை இடச்சுற்றாக வையுங்கள், இணைப்பு மேல் இணைப்பு வராது. வழி இரண்டிலும் ஒரே இடத்தில்தான் விழும். வாயின் உயரம் 6 அங்குலம்.

நாலாவது வரியில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். வாய்க்கு மேலே வரும் முன்பக்கக் கல்லின் ஒரு தலை சரியாக வாயின் விளிம்போடு முடிந்துவிடும். அந்தப் பக்கம் அதைத் தாங்க ஒன்றுமில்லை. ஈர மண்ணில் அப்போதைக்கு நிற்கும், காய்ந்தபின் தொங்கும். ஆகவே மூன்றாவது வரியின் மேல் வாயைக் குறுக்காகக் கடந்து இரும்புப் பட்டை இரண்டையும் பதித்துவிட்டு, அதன்மேல் கல்லை வையுங்கள். பட்டையின் இரண்டு முனையிலும் அரை அங்குலம் மண் படாமல் விடுங்கள். சூட்டில் இரும்பு நீளும். நீள இடமில்லாவிட்டால் கல்லைத் தள்ளி விரிசல் போடும்.

நாலு, ஐந்து, ஆறு மூன்றும் முழுச்சுற்று, வரிக்கு நாலு கல். இணைப்பு மண் அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். உள்பக்கம் பிதுங்கும் மண்ணை ஒவ்வொரு வரிக்கும் வழித்து எடுத்துவிடுங்கள், பிறகு கை போகாது. வாய்க்கு மேலே குழாயாக நிற்கும் உயரம் 9 அங்குலம், அதாவது குழியின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு. இதைவிடக் குறைத்தால் இழுவை போதாமல் புகை வாய் வழியாகத் திரும்பும். மூன்று மடங்குக்கு மேல் ஏற்றினால் புகை நன்றாக எரியும், ஆனால் சூடு பாத்திரத்தை எட்டுவதற்கு முன்பே சுவரில் கரைந்துவிடும்.

தகட்டை நீளவாக்கில் இரண்டு ஓரமும் 2 அங்குலம் கீழே மடக்கி, கவிழ்த்த ‘ப’ வடிவமாக்கி வாய்க்குள் செருகுங்கள். மேல்முகம் 4 அங்குல அகலம் இருக்கும், உள்முனை குழிக்குள் ஓர் அங்குலம் நீட்டினால் போதும். விறகு தகட்டின் மேல், காற்று தகட்டின் கீழ். இந்தத் தகடு இல்லாமல் எரிப்பவர்கள் பாதி அடுப்பைத்தான் கட்டியிருக்கிறார்கள். விறகுக்கு மேலாக நுழையும் காற்று தீயைத் தொடாமலே மேலே போய்ப் பாத்திரத்தைக் குளிர்விக்கும். கீழே நுழையும் காற்று தணலைக் கடந்து சூடேறி விறகின் நுனிக்கு வரும்.

பாத்திரத்தின் கீழ் இடைவெளி

அடுப்பின் குணம் மற்ற எதையும்விட இந்த ஓர் அளவைப் பொறுத்தது. குழியின் பரப்பு 4½ × 4½, சுமார் 20 சதுர அங்குலம். அந்தப் பரப்பு வழி முழுக்கக் குறையாமல் கிடைத்தால் தீ தடையில்லாமல் ஓடும். குழியின் சுற்றளவு 18 அங்குலம். 20¼ஐ 18ஆல் வகுத்தால் 1⅛ அங்குலம், 28 மி.மீ. பாத்திரத்தின் அடிக்கும் அடுப்பின் தலைக்கும் நடுவே இருக்க வேண்டியது அவ்வளவுதான். ஓர் அங்குலச் சதுரக் கம்பித் துண்டு மூன்றையும் மெல்லிய மண்ணில் பதித்தால் சரியாக வந்துவிடும். மூன்றே போதும், நாலு வைத்தால் பாத்திரம் ஆடும்.

இடைவெளி அரை அங்குலமானால் தீ மூச்சுமுட்டி வாயில் புகைக்கும், பாத்திரம் கரி அப்பிப்போகும். இரண்டு அங்குலமானால் அடுப்பு அழகாக எரியும், விறகும் அழகாகத் தீரும்.

அடிச்சூடு மட்டும் போதாது, விலாவையும் பிடிக்க வேண்டும். அதற்கு ஒரு தகட்டுச் சட்டை. 10 அங்குல விட்டமுள்ள பாத்திரத்தைச் சுற்றி 15 மி.மீ விட்டுத் தகடு நிற்க வேண்டுமானால் 35 அங்குல நீளம் தேவை. 15 கிலோ எண்ணெய் டின்னின் நாலு பக்கத்தையும் ஒரே துண்டாக வெட்டி விரித்தால் ஏறக்குறைய 37 அங்குலம் வரும். இரண்டு அங்குலம் மேலே ஏற்றி மடித்து இரண்டு ரிவிட் அடித்தால் முடிந்தது. உயரம் பாத்திரத்தின் முக்கால் பங்கு. காது வைத்த பாத்திரமானால் காதுக்கு ஏற்றபடி பள்ளம் வெட்டிக்கொள்ளுங்கள். பாத்திரத்துக்குப் பாத்திரம் சட்டை மாறும். தினமும் சோறு வடிக்கும் பாத்திரத்துக்கு ஒன்று செய்தாலே விறகுக் கணக்கில் வித்தியாசம் தெரியும்.

அடி உருண்ட மண்சட்டி, உருளி எல்லாம் வைத்தால் 28 மி.மீ-ஐ நடு அடியில் அளக்கக் கூடாது. குழியின் விளிம்புக்கு நேர்மேலே அளக்க வேண்டும்.

காய வைப்பது

நிழலில் ஐந்து நாள் காயட்டும். வெயிலில் காய்ந்தால் வெளிமண் சுருங்கி உள்மண் ஈரமாகவே நிற்கும். பிறகு இரண்டு நாள் சருகும் சுள்ளியும் போட்டுக் கால் மணி நேரம் மட்டும் எரியுங்கள். கல்லில் கை வைத்தால் வியர்த்தது போல ஈரம் கசியும், அது நிற்கும்வரை பெரிய தீ வேண்டாம். மயிரிழை விரிசல் வந்தால் பயப்படத் தேவையில்லை. சாணமும் மண்ணும் சரிபாதி கலந்து மெழுகிவிட்டால் போதும். காசு கனத்துக்குத் திறந்த விரிசல் வழியாகக் காற்று உள்ளே புகுந்தால்தான் இழுவை கெடும். அதைச் சுரண்டி நனைத்து மண்ணை அழுத்தி அடையுங்கள்.

எரிப்பது

விரல் கனத்திலிருந்து கட்டைவிரல் கனம்வரை, ஒன்றரை அடி நீளத்தில், உலர்ந்த விறகு. சவுக்கு மிளார் முதல் தரம். சீமைக்கருவேலம், புளி, தென்னைமட்டையைக் கீறிய கம்பு எல்லாம் நன்றாக எரியும். முருங்கை பஞ்சு, எரிவதற்குள் தீர்ந்துவிடும். அரளியை எந்த அடுப்பிலும் சமைக்க எரிக்காதீர்கள், அதன் புகையும் விஷம். பெயின்ட் அடித்த மரமும் பிளைவுட் துண்டும் அப்படியே ஒதுக்க வேண்டியவை.

பாத்திரம் வைப்பதற்கு முன், பன்னாடையையோ கசக்கிய தாளையோ பற்றவைத்து மேலிருந்து குழிக்குள் போடுங்கள். குழாய் சூடானதும் கீழிருந்து காற்று இழுக்கத் தொடங்கும். அதன்பின் வாயில் மெல்லிய சுள்ளி, பிறகு மூன்று நாலு கம்பு. நுனி மட்டும் எரிய வேண்டும், எரிய எரிய உள்ளே தள்ள வேண்டும். கம்புகளுக்கு நடுவே விரல் நுழையும் சந்து இருக்கட்டும். தீயைக் குறைக்க ஒன்றிரண்டு கம்பை வெளியே இழுத்து மண்ணில் குத்திவிடுவதுதான் வழி. ஊதுகுழல் வேண்டியிருந்தால் எங்கோ தவறு இருக்கிறது.

எங்கே என்று பார்க்க வரிசை இது: முதலில் விறகு ஈரமா? வெட்டு முனையில் நுரை தள்ளினால் ஈரம்தான். அடுத்து, வாய் நிறைய அடைத்திருக்கிறீர்களா? மூன்றாவது, தகட்டின் கீழே சாம்பலும் தணலும் சேர்ந்து காற்றின் வழி அடைந்திருக்கிறதா? அரை மணிக்கு ஒரு முறை வளைந்த கம்பியால் இழுத்துவிடுங்கள். நாலாவது, பாத்திரத்தின் கீழ் இடைவெளியைக் கரி அடைத்திருக்கலாம். இவை எதுவும் இல்லையென்றால் காற்று நேராக வாயில் அடிக்கிறது. அடுப்பைத் திருப்ப முடியாது, ஒரு தட்டியைச் சாத்துங்கள்.

தோசைக்கல் இந்த அடுப்போடு ஒத்துப்போகாது. சூடு நாலரை அங்குலத்தில் குவிவதால் நடு கருகும், ஓரம் வெள்ளையாக நிற்கும். குழியின் மேல் அரை அங்குலம் தள்ளி 4 அங்குல வட்டத்தில் ஒரு கனத்த தகட்டுத் துண்டை நிறுத்தினால் தீ சிதறிப் பரவும். அப்போதும் இரண்டு கம்புக்கு மேல் வேண்டாம்.

செங்கல் குடிக்கும் சூடு

இந்த அடுப்பின் குறையையும் எண்ணிலேயே சொல்லலாம். 5 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க 1,500 கிலோஜூல் தேவை. ஒரு கிலோ காய்ந்த விறகில் இருப்பது ஏறக்குறைய 15,500. விறகைத் தராசில் போட்டு எடுத்துக்கொண்டு, கொதித்ததும் மிச்சத்தை எடை போடுங்கள். 400 கிராம் செலவாகியிருந்தால் 6,200 கிலோஜூல் எரித்து 1,500 பெற்றிருக்கிறீர்கள், 24 சதவீதம். மேல் மூன்று வரியில் இருக்கும் 12 கல்லின் எடை 36 கிலோ. அது சராசரி 100 டிகிரி கூடினாலே 3,000 கிலோஜூலை விழுங்கியிருக்கும், அதாவது கொதிக்கத் தேவையானதைப் போல இரண்டு மடங்கு. குளிர்ந்த அடுப்பில் இரண்டு டம்ளர் காபி போடுவது நஷ்டக் கணக்கு. பொங்கல் பானை, இருபது பேருக்குச் சோறு, நெல் அவிப்பது என்று மணிக்கணக்கில் எரியும் வேலைக்குத்தான் செங்கல் அடுப்பு. பிரியாணிக்கு தம் போடும்போது மட்டும் இந்தக் குறையே லாபம்: கம்பை எல்லாம் உருவிவிட்டு வாயைக் கல்லால் அடைத்தால் சுவரின் சூடு அரை மணி நேரம் வேலை செய்யும்.

அவசரச் சமையலுக்கு ஏற்றது எண்ணெய் டின் அடுப்பு. 9¼ அங்குலச் சதுர டின்னுக்குள், 3 மி.மீ கனமுள்ள 4 அங்குல இரும்புக் குழாயை ‘ட’ வடிவத்தில் வெல்டிங் செய்து நிறுத்தி, சுற்றியுள்ள இரண்டரை அங்குல இடத்தை உமிச்சாம்பலால் நிரப்ப வேண்டும். அரிசி ஆலைக் கொதிகலனில் கிடைக்கும் சாம்பலில் வெளுத்ததாகப் பார்த்து எடுங்கள். கறுத்த சாம்பலில் கரி இருக்கும், அது டின்னுக்குள்ளேயே கனன்று அமுங்கிவிடும். மண்ணும் மணலும் போட்டு நிரப்பினால் மறுபடி செங்கல் கதைதான்; சூட்டைத் தடுப்பது சாம்பலுக்குள் அடைபட்ட காற்று, கனம் அல்ல. குழாய்க்குப் பதில் பால்பவுடர் டின் வைத்தால் சில வாரங்களில் ஓட்டை விழும்.

மரத்தூள் கிடைத்தால்

பக்கத்தில் மரம் அறுக்கும் மில் இருப்பவர்களுக்கு விறகே தேவையில்லை. டீக்கடைகளில் ஒரு காலத்தில் எங்கும் இருந்த மரத்தூள் அடுப்பு இப்போதும் நன்றாகவே வேலை செய்யும். 20 லிட்டர் இரும்பு பெயின்ட் டின்னை முதலில் வெறுமையாக எரித்துப் பூச்சைப் போக்கிவிட்டு, அடியோரம் இரண்டு அங்குல ஓட்டை போடுங்கள். நடுவில் ஒரு கண்ணாடி பாட்டிலை நிறுத்தி, ஓட்டை வழியாக உருட்டுக் கட்டை ஒன்றைப் பாட்டிலின் அடியைத் தொடும்வரை செருகுங்கள். தூளை நாலு அங்குலத்துக்கு ஒரு தடவை உலக்கையால் இடித்து இறுக்க வேண்டும். லேசாகத் தண்ணீர் தெளித்தால் இறுகும், பிடித்தால் கையில் ஈரம் ஒட்டக் கூடாது. நிரம்பியதும் பாட்டிலைத் திருகி மேலே உருவி, கட்டையைப் பக்கவாட்டில் இழுத்துவிட்டால் ‘ட’ வடிவ வழி கிடைத்துவிடும். கீழ் ஓட்டையில் மண்ணெண்ணெய் நனைத்த துணியைப் பற்றவையுங்கள்.

அறுவைத் தூள்தான் வேண்டும். இழைப்புளிச் சுருள் இறுகாது, பாதியில் இடிந்து வழியை அடைத்து அடுப்பை அணைத்துவிடும். பிளைவுட், எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) தூளில் ஃபார்மால்டிஹைடு பசை இருப்பதால் அதுவும் கூடாது. இறுக இடித்தது பல மணி நேரம் ஒரே சீராக எரியும். தீயைக் குறைக்கக் கீழ் ஓட்டையை ஓட்டுத் துண்டால் பாதி மறைக்கலாம், முழுக்க மூடினால் புகைதான் வரும். எரியும்போது மேலிருந்து தூள் கொட்டாதீர்கள். காற்றில் பறக்கும் மரத்தூள் குப்பென்று பற்றி முகத்துக்கு வரும். தொடர்ந்து சமையல் இருந்தால் இரண்டாவது டின்னை இடித்துத் தயாராக வைத்துக்கொண்டு, தூள் தீர்ந்ததும் மாற்றிக்கொள்ளுங்கள்.